பெயருக்கும் ஒரு தவணை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பெயரின் அருமை நன்றாகத் தெரியும். விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்தால்தான் அன்றைய நாள் கணக்கில் ஏறும். பெயர் விடுபட்டுப் போனால், நாள் முழுதும் பால் வெட்டினாலும் சம்பளத்தில் அந்த நாள் இராது. பெயர் இருக்க வேண்டிய ஏட்டில் இருக்க வேண்டும். இருக்க வேண்டிய நாளிலும் இருக்க வேண்டும். நம் பெற்றோர் அனுபவத்தில் கற்ற பாடம் இது.

இன்று உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அது இணையத்தின் பதிவேடு. பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டுகிறார்கள். உடனே அந்தப் பள்ளியின் பக்கமோ கோயிலின் பக்கமோ கடையின் பக்கமோ கண்முன் வந்து நிற்கிறது. அப்படித் தட்டப்படும் பெயரைக் களப்பெயர் என்பார்கள். டொமைன் என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயருக்கும் ஒரு தவணை இருக்கிறது. நமக்கு வேண்டிய பெயர் வேறொருவர் கையில் இருந்து, அதன் தவணையும் முடியப் போகிறது என்றால் நாம் என்ன செய்வது? காத்திருந்து எடுத்துக்கொள்வதா? கேட்டு வாங்குவதா? இன்றைய உரையில் இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

இது பட்டணத்து முதலாளிமாரின் விஷயம், தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அது செம்பனைத் தோட்டமாக மாறி, பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டு, இன்று வீடமைப்புப் பகுதியாக நிற்கிறது. லயங்கள் போய்விட்டன. பள்ளிக்கூடமும் வேறிடத்திற்குப் பெயர்ந்துவிட்டது. அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களுமாகச் சேர்ந்து நாங்கள் ஒரு முன்னாள் மாணவர் சங்கம் நடத்தி வருகிறோம். ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு கடையின் மாடியில் கூட்டம் கூடும். பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி வருபவர்களும் உண்டு. பாலத்தின் வழியாக வருபவர்களும் உண்டு.

2009ஆம் ஆண்டில் எங்களில் ஒரு தம்பி, கணினி படித்தவர், சங்கத்திற்கென்று ஓர் அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தார். பழைய வகுப்புப் படங்களும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் அதில் ஏறின. அதே பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தது. வறிய மாணவர்களுக்கு நாங்கள் தரும் கல்வி நிதிக்கான விண்ணப்பங்கள் அந்த முகவரிக்குத்தான் வரும். ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் பெற்றோரின் அடையாளக் கார்டு நகலும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலும் இணைந்திருக்கும்.

சில ஆண்டுகள் நன்றாக நடந்தது. ஒரு நாள் நிபோங் திபாலிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். "சார், பாரத்தை மூணு தடவ அனுப்பிட்டேன், திரும்பித் திரும்பி வருது" என்றார். நாங்கள் அகப்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். எங்கள் படங்களைக் காணோம். எவருடைய விளம்பரமோ அங்கே இருந்தது. பெயரின் தவணை முடிந்துவிட்டது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பெயர் அந்தத் தம்பியின் பெயரில் பதிவாகியிருந்தது. நினைவூட்டு அஞ்சல்கள் எல்லாம் அவர் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் முகவரிக்குப் போயிருந்தன. அவரோ அந்த வேலையை விட்டு ஜொகூர் பாருவுக்குக் குடிபோய் நெடுநாளாகியிருந்தது.

படங்கள் மறைந்தது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. அந்தப் பெயரை முன்பின் அறியாத ஒருவர் எடுத்துக்கொண்டால், அதே மின்னஞ்சல் முகவரியை அவர் புதிதாகத் திறந்துகொள்ள முடியும். அடுத்த ஆண்டு ஏழைத் தாய்மார் அனுப்பும் அடையாளக் கார்டு நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் நேரே அவர் கைக்குப் போய்ச் சேரும். அனுப்புகிறவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. பெயர் பழைய பெயர்தானே!

நேயர்களே, அந்தப் பெயரை நாங்கள் எப்படி மீட்டோம் என்பதைச் சொல்லும் முன், இந்தப் பெயர்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மனிதரால் அவ்வளவு எண்களை நினைவில் வைக்க இயலாது. ஆகவே எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டினார்கள். தொடக்கக் காலத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிலையம் எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலாக எழுதி வைத்திருந்தது. கணினிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இன்றுள்ள முறையை வகுத்தார். 1985 மார்ச் மாதம் 15ஆம் நாள் 'சிம்போலிக்ஸ் டாட் காம்' என்னும் பெயர் பதிவாயிற்று. டாட் காம் என்று முடியும் பெயர்களில் அதுவே முதலாவது.

பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். டாட் காம், டாட் நெட் போன்றவை உலகப் பொது முடிவுகள். டாட் எம்ஒய் என்பது நம் மலேசியாவின் முடிவு. அதனை மைநிக் என்னும் அரசு நிறுவனம் காத்து வருகிறது. தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் இன்று உண்டு. இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் தத்தம் நாட்டுப் பெயரைத் தமிழில் எழுதி முடிவாக வைத்துக்கொண்டுள்ளன. உலகப் பொது முடிவுகளுக்கான விதிகளை வகுப்பது ஐகான் என்னும் அமைப்பு. இது 1998இல் தோன்றியது. பொதுமக்களுக்குப் பெயரைப் பதிந்து கொடுப்பவர்கள் பதிவாளர்கள். இவர்களைப் பெயர் விற்பவர்கள் என்றே வழக்கில் சொல்கிறோம்.

ஆனால் 'விற்பவர்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும். களப்பெயரை எவரும் சொந்தமாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குப் பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறுகிறார்கள். டாட் காம் பெயரை ஒரே மூச்சில் 10 ஆண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது. இதனை நன்கு விளங்கிக்கொள்ள நம்மிடமே ஓர் உவமை இருக்கிறது. டி.ஓ.எல். நிலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி தரப்படும் தற்காலிக உரிமம் அது. எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அது முடிந்துவிடும். அந்த மண்ணில் தென்னை வைத்திருக்கலாம், வீடும் கட்டியிருக்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் நமக்கு உரிமை இல்லை. களப்பெயரும் அப்படித்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. டி.ஓ.எல். உரிமத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. களப்பெயரைக் கைமாற்றிக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். பெயர் வேறு, பக்கம் வேறு. பெயர் என்பது வாசலில் தொங்கும் பலகை. படங்களும் எழுத்துகளும் தங்கியிருக்கும் இடம் வீடு. பலகைக்கு ஒரு கட்டணம், வீட்டிற்கு ஒரு வாடகை. இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம் கட்டுபவர்களும் உண்டு. ஒருவரிடமிருந்து பெயரை வாங்கினால் பலகைதான் கைக்கு வரும். உள்ளே இருந்த படங்களும் வேண்டுமென்றால் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

சரி, தவணை முடிந்த மறுநாளே பெயர் அனாதையாகிவிடுமா? இல்லை. இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள்.

ஐகான் வகுத்த விதிப்படி, தவணை முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்டு அனுப்ப வேண்டும். முடிந்த பின் 5 நாட்களுக்குள் இன்னொன்றும் அனுப்ப வேண்டும். டாட் காம் பெயர்களில், தவணை முடிந்த பிறகு 45 நாட்கள் வரை சலுகைக் காலம் உண்டு. அதில் எத்தனை நாளை உரிமையாளருக்குக் கொடுப்பது என்பதைப் பதிவாளர் முடிவு செய்வார். அந்த நாட்களுக்குள் வழக்கமான கட்டணத்தையே கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்கிடையில் அகப்பக்கம் நின்றுபோகும், மின்னஞ்சலும் நின்றுபோகும். இது தண்டனைபோல் தோன்றினாலும் ஒரு விதத்தில் நன்மையே. பக்கம் நின்றால்தானே மறந்தவர் விழித்துக்கொள்வார்!

சலுகைக் காலம் கழிந்தும் புதுப்பிக்காவிட்டால் பெயர் மீட்புக் காலத்துக்குள் போகும். அது 30 நாள். அப்போதும் பழைய உரிமையாளரே மீட்கலாம். ஆனால் வழக்கமான கட்டணத்தோடு மீட்புக் கட்டணம் என்று பெருந்தொகை ஒன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதுவும் கழிந்தால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அந்த 5 நாட்களில் எவராலும் எதுவும் செய்ய இயலாது. அதன் பின்னரே பெயர் வெளியே விழும். முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 1ஆம் நாள் தவணை முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகைக் காலம் முழுவதும் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை போகும். மீட்புக் காலம் மே 15 வரை. நீக்கக் காத்திருப்பு மே 20 வரை. ஆக, ஏறக்குறைய 80 நாட்கள். இது டாட் காம் கணக்கு. டாட் எம்ஒய் போன்ற நாட்டு முடிவுகளுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதியே விதி. ஆகையால் உங்கள் பதிவாளரிடம் கேட்டு நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கதைக்குத் திரும்புவோம். அந்தத் தம்பியின் தொலைபேசி எண் மாறியிருந்தது. அவருடைய தாயார் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவர் தேடிப் போனோம். அந்த அம்மா காப்பி கலந்து கொடுத்துவிட்டு மகனை அழைத்துக் கொடுத்தார். தம்பி பதறிப் போனார். "சார், தப்பு என்மேலதான். சங்கத்துப் பேரு சங்கத்துக்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எங்கள் பதிவாளர் கொடுத்திருந்த சலுகைக் காலம் 40 நாள். நாங்கள் போனது 38ஆம் நாள். அன்றிரவே அவர் கட்டணத்தைக் கட்டினார். மறுநாள் பக்கம் உயிர் பெற்றது. அதற்கடுத்த வாரம் பெயரைச் சங்கத்தின் கணக்கிற்கு மாற்றிக் கொடுத்தார். செலவான பணத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தபோதும் கணக்கு கணக்காக இருக்கட்டும் என்று வற்புறுத்திக் கொடுத்தோம்.

இதே போன்ற இன்னொரு முயற்சியில் நாங்கள் தோற்றோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோட்டத்தின் பெயர் மட்டுமே அமைந்த ஒரு சிறிய களப்பெயர் வெளிநாட்டவர் ஒருவர் கையில் இருந்தது. அதில் அவர் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. தவணை முடியப் போவதையும் கண்டோம். "முடியட்டும், நம் கையில்தானே விழப் போகிறது" என்று இருந்துவிட்டோம். நாள்களை எண்ணி, பெயர் விழும் நாளில் கணினி முன்னால் விழித்திருந்தோம். பெயர் விழுந்தது, எங்கள் கையில் விழவில்லை. இப்படி விழும் பெயர்களை நொடிப்பொழுதில் பிடிப்பதற்கென்றே வெளிநாடுகளில் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களின் கணினிகளோடு நம் விரல் போட்டியிட முடியாது. சில நாட்களில் அந்தப் பெயர் விற்பனைக்கு வந்தது. கேட்ட விலை, நாங்கள் ஓராண்டில் கொடுக்கும் கல்வி நிதியை எட்டியது. அந்த வெளிநாட்டவருக்கு முன்கூட்டி ஒரு கடிதம் எழுதியிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ! எழுதவில்லையே என்ற குறை இன்றும் எங்களுக்கு உண்டு.

ஆகவே முதல் பாடம் இது: தவணை முடியப் போகும் பெயர் ஆளில்லாத பெயர் அன்று. அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அவரைத் தேடிப் போய்க் கேட்பதே நேர்வழி. பெரும்பாலும் செலவு குறைந்த வழியும் அதுவே.

எப்படிக் கேட்பது? முதலில் பதிவேட்டைப் பாருங்கள். ஐகான் நடத்தும் தேடல் பக்கத்தில் டாட் காம் பெயரைக் கொடுத்தால், பதிந்த நாள், தவணை முடியும் நாள், பதிவாளர் யார் என்பனவெல்லாம் தெரியும், கட்டணம் இல்லை. ஐரோப்பாவில் தனியார் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமையாளரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். கவலை வேண்டாம். பதிவாளர் வழியாக அவருக்குச் செய்தி அனுப்ப வழி இருக்கும். பழைய அகப்பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தால் அதுவும் உதவும். நம் ஊர் ஆள் என்றால் நேரில் போவதைப் போல வராது.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். நாங்கள் யார், பெயர் எதற்காக வேண்டும், எவ்வளவு கொடுக்க இயலும் என்பவை போதும். உண்மையை எழுதுங்கள். மிரட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர் இசைந்தால், முதலில் அவரே புதுப்பிக்கட்டும். அந்தக் கட்டணத்தை நாம் ஏற்றுக்கொள்வோம். பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே தவணை முடிந்து பெயர் நழுவிப் போன கதைகள் உண்டு.

பிறருடைய பெயருக்கு நாம் கட்டணம் கட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்ததைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன்னுடைய 'பாஸ்போர்ட் டாட் காம்' என்னும் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயில் அஞ்சலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்னும் கணினி வல்லுநர் காரணத்தைக் கண்டுபிடித்துத் தம் சொந்தப் பணம் 35 டாலரைக் கட்டினார், தடை நீங்கியது. பெயர் மைக்ரோசாஃப்டின் பெயராகவே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2003இல், அதே நிறுவனம் 'ஹாட்மெயில் டாட் கோ டாட் யூகே' என்னும் பெயரையும் தவறவிட்டது. அம்முறை வேறொருவர் அதனைப் பதிந்துகொண்டு, திருப்பித் தர முன்வந்தார். உலகப் பெரும் நிறுவனத்துக்கே இரு முறை மறதி வந்ததென்றால், நம் சங்கத்துச் செயலாளரை மட்டும் குறை சொல்வானேன்?

விலை பேசி முடிந்தால் பணத்தை எப்படிக் கொடுப்பது? அறிந்தவர் என்றால் இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். அறியாதவர் என்றால் பணத்தை நேரே அனுப்பக் கூடாது. இடைநிலைக் கணக்கு நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. நாம் பணத்தை அங்கே கட்டுவோம்; அவர் பெயரை மாற்றித் தருவார்; பெயர் கைக்கு வந்தது என்று நாம் உறுதி சொன்ன பிறகே பணம் அவரைச் சேரும். பெயரை மாற்றுவதிலும் இரு வகை உண்டு. இருவரும் ஒரே பதிவாளரிடம் கணக்கு வைத்திருந்தால், கணக்கிலிருந்து கணக்கிற்கு எளிதாக மாற்றலாம். வேறு பதிவாளருக்குக் கொண்டுபோவதென்றால் ஒரு மாற்றுக் குறியீடு வேண்டும். அந்தக் குறியீடு பெயரின் சாவி. அதனை உரிமையாளரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும். மற்றவர் கண்ணில் படவிடக் கூடாது.

உரிமையாளர் பதிலே தரவில்லை என்றால் என்ன செய்வது? பெயர் பிடிக்கும் நிறுவனங்களிடம் முன்பதிவு செய்து வைக்கலாம். பலர் ஒரே பெயரைக் கேட்டால் ஏலம் நடக்கும். சில பதிவாளர்கள் சலுகைக் காலம் நடக்கும்போதே ஏலம் விடுவார்கள். ஏலத்தில் நாம் வென்ற பின்னும், உரிய நாளுக்குள் பழைய உரிமையாளர் புதுப்பித்தால் பெயர் அவருக்கே திரும்பிப் போகும்; நம் பணம் நமக்கு வரும். அதில் வருத்தப்பட ஏதுமில்லை. அவர் பெயர் அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

வழக்குப் போட்டு வாங்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். முடியும்; அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். 1999இல் ஐகான் ஏற்படுத்திய தீர்வு முறையின்படி மூன்றை மெய்ப்பிக்க வேண்டும். பெயர் நம் வணிகச் சின்னத்தை ஒத்திருக்க வேண்டும். வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது. அவர் தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரே நடுவர் விசாரிக்கும் சிறிய வழக்கிற்கே 1,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். நம் நாட்டு டாட் எம்ஒய் பெயர்களுக்கான பிணக்குகளைக் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் தீர்த்து வைக்கிறது.

பெரிய நிறுவனங்களே இதில் அலைந்திருக்கின்றன. 'பெட்ரோனாஸ் டவர்' என்னும் சொற்களைக் கொண்டு எவரோ ஒருவர் டாட் நெட் பெயர்களைப் பதிந்து, அவற்றை ஆபாசப் பக்கம் ஒன்றிற்குத் திருப்பிவிட்டிருந்தார். 2009இல் பெட்ரோனாஸ் நிறுவனம் இதனைக் கண்டு, அமெரிக்க நீதிமன்றத்தை நாடிப் பெயர்களைத் தன்வசமாக்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பதிவாளர் நிறுவனத்தின்மீது அது தொடுத்த வழக்கு 2013 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், 'சிஃபி' என்ற தன் பெயருக்காக இந்திய உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. களப்பெயரும் வணிகச் சின்னத்தைப் போலக் காக்கப்பட வேண்டியதே என்று 2004இல் அந்த மன்றம் தீர்ப்பளித்தது. இவர்களுக்குப் பணமும் வழக்கறிஞர்களும் உண்டு. நமக்கு உள்ளது நாள்காட்டி ஒன்றுதான். அதை ஒழுங்காகப் பார்த்தாலே போதும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. "உங்கள் பெயரின் தவணை முடிகிறது, உடனே இங்கே பணம் கட்டுங்கள்" என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அஞ்சல் வரும். "உங்கள் பெயரை வேறொருவர் பதியப் போகிறார்" என்றும் பயமுறுத்துவார்கள். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் பதிவாளரின் பக்கத்தை நீங்களே திறந்து, உள்ளே போய் நாளைப் பாருங்கள். ஏமாந்து பணம் கட்டிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது மோசடிகளுக்கென்று நம் நாட்டில் 2022இல் ஏற்பட்ட மையத்தின் எண்.

பிறர் பெயர் தவறுவதற்காகக் காத்திருந்து, அதை எடுத்து அவரிடமே அதிக விலைக்கு விற்கலாம் என்று நம் பிள்ளைகளுக்கு யாரேனும் ஆசை காட்டக்கூடும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். செக்ரோலில் இன்னொருவன் பெயரை அடித்துவிட்டு நம் பெயரை எழுதுவதை நாம் எந்நாளும் ஏற்றதில்லை. பக்கத்துக் கோயிலின் பெயரோ பள்ளியின் பெயரோ தவணை தவறுவதைக் கண்டால், அவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அதுவே நமக்கு அழகு.

இனி, பெயர் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை. சங்கத்தின் பெயர், கோயிலின் பெயர், கூட்டுறவுக் கடையின் பெயர் எதுவானாலும் அந்த அமைப்பின் பெயரிலேயே பதியுங்கள். தனி ஆளின் பெயரில் வேண்டாம். நினைவூட்டு வரும் மின்னஞ்சல் முகவரி அந்தக் களப்பெயரையே சார்ந்ததாக இருக்கக் கூடாது. பெயர் நின்றால் அஞ்சலும் நின்றுவிடும் அல்லவா? கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். தானே புதுப்பிக்கும் வசதியைச் செய்து வைத்தாலும், வங்கி அட்டை காலாவதியாகும் நாளையும் கவனியுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது பெயரின் தவணை நாளையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பெயரைக் கைவிட நேர்ந்தால், அதனைச் சார்ந்த முகவரிகளை வங்கியிலும் மற்ற இடங்களிலும் மாற்றிவிட்டு, எல்லாருக்கும் அறிவித்த பிறகே கைவிடுங்கள்.

நேயர்களே, எங்கள் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்து மணி எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தட்டினால், 1974ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காலில் சப்பாத்து இல்லாமல் வரிசையாக நிற்கும் படம் வருகிறது. அவர்களில் சிலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நிபோங் திபால் தாயின் விண்ணப்பமும் அந்தப் பெயரின் வழியாகத்தான் எங்களை வந்தடைந்தது. அவர் மகள் இப்போது மேற்படிப்புப் படிக்கிறாள். 38ஆம் நாள் போகாமல் 41ஆம் நாள் போயிருந்தால் எங்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

உங்கள் ஊரிலும் கோயிலுக்கோ பள்ளிக்கோ சங்கத்திற்கோ இப்படி ஒரு பெயர் இருக்கக்கூடும். இன்றே கேளுங்கள்: அது யார் பெயரில் இருக்கிறது? எந்த நாளில் முடிகிறது? வேறொருவர் கையில் இருந்தால், தவணை முடியும்வரை காத்திராமல் போய்க் கேளுங்கள்.